கம்ப்ரசர் போன ஃப்ரிட்ஜும் பட்டாணி மாமியாரும்

மார்ச் 2

தம்பிக்கு அண்ணி எழுதுவது.

உங்கள் மனைவி, என் தங்கை, பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாள். பத்திரமாக என்பதை மரியாதைக்கு எழுதியிருக்கிறேன். பஸ்ஸில் தூங்கிப் போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, கண்டக்டர் தட்டி எழுப்பி எதிர்ப் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறார். கொளுத்துகிற வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். கையில் ஒரே ஒரு பை. அதில் மாற்றுத் துணியும் தைராய்டு மாத்திரை டப்பாவும்.

"என்னடி ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் ஆகல. இனிமே அந்த வீட்டுப் பக்கம் போகமாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு, தைக்க வைத்திருந்த துணி மூட்டையின் மேலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள். முகம் உப்பியிருக்கிறது. குரல் கரகரவென்று ஆம்பிளைக் குரலாகிவிட்டது. என் கூடப் பிறந்தவளா இவள் என்று எனக்கே சந்தேகம்.

அவளை நீங்கள் என்ன சொன்னீர்கள்? அவள் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். அதனால் உங்களைக் கேட்கிறேன். போன் போடாதீர்கள். இருப்பது ஒரே அறை, போன் அடித்தால் அவள் காதும் கூட வரும். நான் பள்ளி யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிற கடை விலாசத்துக்கு எழுதுங்கள்.

என் வீட்டில் காபி, டீ கிடையாது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாப்பிள்ளையாக வந்த புதிதில் ஒரு நாள் தங்கிவிட்டு, மறுநாள் தலைவலி என்று ஓடிப்போனீர்களே. அவளுக்கும் அதே சட்டம்தான். எழுந்ததும் வெந்நீர். பத்து மணிக்குச் சாப்பாடு.

உண்மையை எழுதவும்.
அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

உண்மையைத்தான் எழுதுகிறேன். எனக்கென்ன பயம்?

மகளைக் கொடுத்த இடத்திலிருந்து சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை எல்லோரும் முதல் தடவையாக வீட்டுக்கு வந்திருந்தார்கள். சம்பந்தி அவர் வேலை பார்த்த ஆபீஸ் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் தங்கை எதிரில் உட்கார்ந்து, பலகாரத் தட்டைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். தட்டு சாய்ந்து, எல்லாம் சம்பந்தி மடியில். எனக்கு மானம் போயிற்று. எல்லோரும் சிரித்துச் சமாளிக்கும்போது நானும் சிரிப்புக்காக ஒரு வார்த்தை சொன்னேன்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இது கம்ப்ரசர் போன ஃப்ரிட்ஜு. மூலையில நிக்கும், இடத்தை அடைக்கும், உள்ள லைட்டும் எரியும். குளிர மட்டும் குளிராது."

அவ்வளவுதான். நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். என் வாயில் ஃப்ரிட்ஜ் வராமல் பின்னே என்ன வரும்? அவள் தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். தட்டு விழுந்ததிலேயே முழித்துக்கொண்டிருக்கிறாள், கண்ணைத்தான் திறக்கவில்லை. மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நான் கொடுமைக்காரன் என்று நினைக்காதீர்கள். தைராய்டு என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மூன்று வருஷமாக, ஒரு நாள் தவறாமல், அவள் எழுவதற்கு முன்னால் நான் எழுந்து, பாலைக் காய்ச்சி, திக்காகக் காபி போட்டு, மாத்திரையையும் காபியையும் ஒரே தட்டில் வைத்து அவள் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். சூடு ஆறுவதற்குள் விழுங்க வைத்துவிட்டுத்தான் கடையைத் திறப்பேன். எந்தப் புருஷன் செய்வான்? டாக்டரும் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போய், இப்போது அவள் முதலில் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போடுகிறாள். அப்படியும் தூக்கம், அப்படியும் குளிர். மாத்திரை போட்டும் ஒருத்தி இப்படி இருந்தால் அதற்கு வியாதி என்று பெயரா, சோம்பேறித்தனம் என்று பெயரா? நீங்களே சொல்லுங்கள்.

சமையலறை இருக்கிற நிலையை நான் எழுதப் போவதில்லை. சீக்கிரம் அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு, கொடுமைக்காரன் அல்லாத
தம்பி


ஏப்ரல் 1

தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுதியிருந்தால் அதில் இருக்கும் வார்த்தைகளைத் தபால்காரர் சுமந்திருக்கமாட்டார். அதனால்தான் ஆறப் போட்டேன்.

பெற்ற மகளின் மாமியார் எதிரில் ஒருத்தியை ஃப்ரிட்ஜ் என்று சொன்னீர்கள். நல்ல ஃப்ரிட்ஜ் என்றாவது சொன்னீர்களா?

இப்போது கேளுங்கள். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டாள். பகல் தூக்கம் போய்விட்டது. போன வாரம் அவளாகவே எழுந்து வீட்டைப் பெருக்கினாள். நேற்று எதையோ சொல்லிச் சிரித்தாள். எங்கள் அப்பா மாதிரி தோள் குலுங்க ஒரு சிரிப்பு, அதைக் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. சட்டைக் காலருக்கு நூல் கோத்துக் கொடுக்கிறாள். என் தையல் வளைந்திருப்பதாகக் குறையும் சொல்கிறாள்.

டாக்டர் மூன்று வருஷம் கூட்டியும் நடக்காதது என் வீட்டில் ஒரே மாதத்தில் நடந்திருக்கிறது. காரணம் என்ன என்று நினைக்கிறீர்கள்? எல்லாம் என் வீட்டு வெந்நீர்! காலையில் வெந்நீரும் நேரத்துக்குச் சாப்பாடும், நாக்கில் நரம்பில்லாத ஆள் பக்கத்தில் இல்லாததும். இதை எந்த மருந்துக் கடையில் விற்கிறார்கள்?

வரமாட்டேன் என்கிறாள். நானும் போ என்று சொல்வதாக இல்லை.

அண்ணி


ஏப்ரல் 8

அண்ணிக்கு,

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அவள் பெருக்கினாளா? எங்கள் வீட்டுத் துடைப்பத்தைக் கேட்டால் அவள் யார் என்று கேட்கும். உங்கள் வீட்டில் என்றால் சிரிப்பு வருகிறது, என் வீட்டில் என்றால் கொட்டாவியா? அப்படியானால் இத்தனை நாள் என்னிடம் நடித்தாளா? எனக்கு மனசு விட்டுப் போயிற்று.

இன்னொரு விஷயம். நான் சொன்ன வார்த்தையைப் பற்றி மருந்துக் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் விஷயம் தெரிந்தவர். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். மானம் போகிற நேரத்தில் அது சட்டென்று ஒரு சரக்கை ரத்தத்தில் இறக்கிவிடுமாம். நெஞ்சு அடிக்கும், கை வியர்க்கும், ஆள் சண்டைக்கு நிற்பான். சம்பந்தி மடியில் தட்டு விழுந்தபோது எனக்கு இதெல்லாம் நடந்தது. ஆகவே அன்றைக்குப் பேசியது நான் இல்லை, அந்தச் சுரப்பி. இதை அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லவும்.

மகள் போன் செய்து "அம்மா எங்கப்பா?" என்றாள். பெரியம்மா வீட்டுக்கு ஓய்வுக்குப் போயிருக்கிறாள் என்றேன். "ஓய்வா? அம்மாவுக்கா? இன்னும் எவ்வளவுப்பா ஓய்வு எடுக்கறது?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு நன்றாக இல்லை.

தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

முதலில் சுரப்பி விஷயம். சுரப்பி சுரக்கட்டும், அது அதன் வேலை. வாய் உங்களுடையது. எனக்கும் அந்தத் தொப்பி இரண்டு பக்கமும் இருக்கிறது. நான் யாரையும் ஃப்ரிட்ஜ் என்று சொன்னதில்லை.

இரண்டாவது, இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. உங்களிடம் பெருமையடித்த வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. இவள் நிற்கமாட்டேன் என்கிறாள், தம்பி.

தூக்கம் போயே போய்விட்டது. நான் எழும்போது பீரோ சுவர் மாறி நிற்கிறது. ஒண்டியாகத் தள்ளியிருக்கிறாள். நான் தைத்து முடித்து அடுக்கி வைத்த கால்சட்டைகளை எல்லாம் "தையல் நேரா இல்ல" என்று பிரித்துப் போட்டுவிட்டாள். கடைக்காரர் துணி வாங்க வந்தார். அவரைப் பார்த்து, "உங்க மீசை ஒரு பக்கம் இறங்கியிருக்கு, யாரும் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டாள். அவர் கண்ணாடியைத் தேடுகிறார். ஒரு நிமிஷம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பூனைக்கு அம்மா இல்லை என்று அழுகிறாள். அந்தப் பூனை குட்டி போட்டுப் பேரன் எடுத்த பூனை! அண்டா சோறு சாப்பிடுகிறாள், ஆனால் ரவிக்கை தொளதொளவென்று தொங்குகிறது. வாயை மூடுவதில்லை. என் ஆயுசில் முதல் தடவையாக, பேசுவதற்கு எனக்கு இடம் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இன்று காலை ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தாள். கை ஆடுகிறது. நூலை எச்சில் பண்ணிப் பண்ணிப் பார்த்தாள், முடியவில்லை. ஊசியை என்னிடம் நீட்டினாள். கழுத்தில் நாடி துடிப்பது எதிரில் இருந்த எனக்குத் தெரிந்தது. "அக்கா, நெஞ்சுக்குள்ள யாரோ ஓடற மாதிரி இருக்கு" என்றாள்.

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. என் வெந்நீரில் என்ன கோளாறு? தெரிந்தால் எழுதுங்கள்.

அண்ணி


மே 1

அண்ணி,

கடிதம் இப்போதுதான் வந்தது. கடையில் பிரித்துப் போட்ட மோட்டாரை அப்படியே விட்டுவிட்டு எழுதுகிறேன்.

இது கட்-ஆஃப் ஆகாத ஃப்ரிட்ஜ். தெர்மோஸ்டாட் போனால் இப்படித்தான். குளிர்ந்தது போதும் என்று சொல்ல ஆள் இல்லாமல், கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்து கடைசியில் புகைந்துவிடும். நான் பார்த்திருக்கிறேன். உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். மாத்திரை டப்பாவையும் எடுத்துப் போங்கள். படிக்கட்டு ஏறவிடாதீர்கள். பீரோவைத் தொடவிடாதீர்கள்.

நான் வரட்டுமா? வந்தால் பேசுவாளா? வேண்டாம் என்றால் எதிர்க் கடையிலேயே நின்று பார்த்துவிட்டுப் போகிறேன்.

மறுபடியும் ஃப்ரிட்ஜ் என்று எழுதிவிட்டேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது அண்ணி. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தம்பி


மே 6

தம்பிக்கு,

கோபமில்லை. இந்தத் தடவை நீங்கள் சொன்ன ஃப்ரிட்ஜ் கிட்டத்தட்டச் சரிதான். டாக்டரே சொன்னாள்.

டாக்டர் நம் மகளைவிடச் சின்னவள். ரத்தம் எடுத்து, மறுநாள் வரச் சொல்லி, தாளில் படம் போட்டுக் காட்டினாள். தொண்டையில் பட்டாம்பூச்சி உட்கார்ந்த மாதிரி ஒரு சுரப்பி. அது சுரக்கிறது ரத்தத்தோடு ஊர் சுற்றி, இதயம், குடல், தோல், முடி என்று ஒவ்வொருவரிடமும் போய் எவ்வளவு வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லுமாம். அது கொஞ்சமாகச் சுரந்தால் ஆள் குளிருவாள், வீங்குவாள், தட்டைப் பிடித்தபடி தூங்குவாள். அவளாக ஆசைப்பட்டுத் தூங்குவதில்லை. இந்த வரியை மட்டும் நீங்கள் இன்னொரு தடவை படிக்கலாம்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இன்னொரு சுரப்பி. அது பட்டாம்பூச்சியையே பார்த்துக்கொண்டிருக்கும். வேலை குறைந்தால் சத்தம் போடும், நடந்தால் அடங்கும்.

"அப்ப அது மாமியாரு" என்றேன்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஆமாம்மா, மாமியார்தான். ரத்தத்துல நாங்க அளக்கறது அந்த மாமியார் சத்தத்தைத்தான்."

"என் வீட்டுக்காரரா இருந்தா தெர்மோஸ்டாட்னு சொல்லுவாரு" என்றாள் உங்கள் மனைவி. இங்கு வந்த பிறகு உங்களைப் பற்றி அவளாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

உங்கள் ஊரில் ரத்தம் எடுத்தபோதெல்லாம் மாமியார் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள். அதனால் டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். இங்கே எடுத்ததில் மாமியார் சத்தமே இல்லை. மருமகள் பட்டாம்பூச்சி செய்ய வேண்டிய வேலையை மாத்திரை தேவைக்கு மேல் செய்கிறது. சில நாள் மாத்திரையை நிறுத்தி, பிறகு பாதிக்கும் கொஞ்சம் கூடுதலாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். படபடப்புக்கும் ஒன்று. ஒன்றரை மாதம் கழித்து மறுபடி ரத்தம். பயப்பட ஒன்றுமில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றாள்.

பிறகு டாக்டர், "அதே மாத்திரை, அங்க பத்தல, இங்க ஜாஸ்தி. எப்படி?" என்று யோசித்துவிட்டு, உங்கள் மனைவியிடம் ஒரு கேள்வி கேட்டாள். உங்கள் மனைவி டாக்டர் முகத்தைப் பார்த்தே ஒரு பொய் சொன்னாள். நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் தொடையில் கிள்ளிவிட்டாள். இன்னும் கன்றிப்போய் இருக்கிறது.

என்ன கேள்வி, என்ன பொய் என்று எழுதமாட்டேன். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கிவிட்டாள். "அக்கா, இதை மட்டும் அவர்கிட்ட சொல்லிடாத. அவரு எனக்குன்னு பண்ணினது அது ஒண்ணுதான்" என்றாள். நான் சொன்ன சொல் தவறாதவள். ஆகவே என் வார்த்தையாக எதுவும் எழுதவில்லை. மார்ச் 9 அன்று நீங்கள் எழுதியதையே ஒரு எழுத்து மாற்றாமல் திருப்பி எழுதுகிறேன்.

"மாத்திரையையும் காபியையும் ஒரே தட்டில் வைத்து அவள் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்."

விஷயம் தெரிந்த அந்த மருந்துக் கடைக்காரரிடம் இதைப் படித்துக் காட்டவும்.

அண்ணி


மே 12

அண்ணி,

படித்துக் காட்டினேன்.

அவர் கல்லாவில் தலையை வைத்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "யோவ், அந்த மாத்திரைக்குக் காபியும் ஆகாது, பாலும் ஆகாது. உடம்புல ஒட்டவே விடாது. வெறும் வயித்துல வெறும் தண்ணில போட்டு, ஒரு மணி நேரமாவது எதுவும் தொடாம இருக்கணும். டப்பாவோட வந்த தாளைப் படிக்கலயா?" என்றார். அந்தத் தாளை மடித்து நான் ஆடுகிற ஸ்டூலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் வெந்நீர்தான் அண்ணி, நீங்கள் சொன்னது சரி.

மூன்று வருஷமாக நானே தினமும் காலையில் எழுந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குளிரவில்லை என்று ஊரைக் கூட்டித் திட்டியிருக்கிறேன். ஒரு கஸ்டமர் வீட்டில் இப்படி நடந்தால் அந்த ஆளைப் பற்றிக் கடையில் ஒரு மாசம் பேசிச் சிரித்திருப்பேன்.

இப்போதும் அதே நேரத்துக்கு முழிப்பு வந்துவிடுகிறது. பாலைக் காய்ச்சிவிடுகிறேன். பிறகு யாருக்கு என்று தெரியாமல் நிற்கிறேன்.

எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் என்ன செய்தால் வருவாள் என்று கேட்டு எழுதுங்கள். தட்டைத் தூக்கிப் போட்டுவிடச் சொன்னால் போட்டுவிடுகிறேன்.

தம்பி


மே 20

தம்பிக்கு,

சொன்னேன். சத்தியத்தை மீறிவிட்டாய் என்று சண்டைக்கு வந்தாள். அவர் எழுதியதை அவருக்கே எழுதினேன், இதில் என் சொல் எங்கே என்றேன். வக்கீலாகப் போயிருக்க வேண்டியவள் நீ என்று சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டாள். கை நடுக்கம் நின்றுவிட்டது. இன்று அவளே நூல் கோத்தாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"காபித் தட்டைப் பத்தி அவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கக் கூடாது. அது தெரியாம பண்ணினது. ஆசையாத்தான் பண்ணினாரு. தட்டு அங்கயே இருக்கட்டும். ஆனா ஃப்ரிட்ஜுன்னு சொன்னாரே, அது தெரிஞ்சு சொன்னது. எனக்கு வியாதியே இல்லாம நெஜமாவே சோம்பேறியா இருந்தாலும் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. யாரு முன்னாடி சொன்னாரோ அவங்க முன்னாடி திருப்பி எடுக்கட்டும். வரேன்."

கத்தரியை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனை இங்கேயே முடியட்டும், பிறகு அனுப்புகிறேன். அவசரப்படாதீர்கள். பிரித்துப் போட்ட கால்சட்டைகளைத் தைத்து முடிக்க எனக்கும் ஆள் வேண்டும்.

அண்ணி


ஜூலை 3

அண்ணிக்கு,

அடுத்த ரத்தமும் சரியாக இருந்து உங்கள் தங்கை வந்து சேர்ந்ததும், அவள் சொன்னபடியே போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டாரை வரவழைத்தேன். சம்பந்தி உள்ளே வந்ததும் உங்கள் தங்கை எந்தப் பக்கம் உட்காருகிறாள் என்று பார்த்து, எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்தார். அவருக்கு அவர் கால்சட்டைக் கவலை.

என்ன பேசுவது என்று காலையிலிருந்து மனப்பாடம் பண்ணியிருந்தேன். எழுந்து நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. தொப்பிச் சுரப்பி வேலையைக் காட்டிவிட்டது. கை வியர்க்கிறது, நெஞ்சு அடிக்கிறது. இந்தத் தடவை வாயை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கு இவளை ஒரு வார்த்தை சொன்னேன். நீங்கள்லாம் சிரிச்சீங்க. அந்த வார்த்தை தப்பு. இவளுக்கு உடம்புக்கு முடியல. முடியாதவளைப் பாத்து நான் சொன்னேன். ஃப்ரிட்ஜு நல்லாத்தான் இருந்துச்சு, மெக்கானிக்குதான் சரியில்ல" என்றேன்.

மாப்பிள்ளை சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சம்பந்தியம்மா மெதுவாக, "நானும் சிரிச்சேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். பிறகு தன் கழுத்தைத் தடவிக்கொண்டே, "எனக்கும் இப்பல்லாம் ஒரே அசதி. நீங்க எந்த டாக்டரைப் பாத்தீங்க?" என்று கேட்டார். இரண்டு பேரும் சமையலறைக்குப் போய்விட்டார்கள். உள்ளே மாமியார், பட்டாணி என்று பேச்சுக் கேட்டது. சம்பந்தி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் தெர்மோஸ்டாட்டை விளக்க ஆரம்பித்தேன். அவர் தூங்கிவிட்டார்.

எல்லோரும் போன பிறகு உங்கள் தங்கை, "தட்டை எடுத்து வைங்க" என்றாள். எடுத்து வைத்தேன்.

இப்போது காலையில் அதே தட்டுதான். மாத்திரையும் ஒரு டம்ளர் வெந்நீரும். அதன் பிறகு ஒரு மணி நேரம் காபி கிடையாது. அவள் குடிக்காமல் இருக்கும்போது நான் மட்டும் எப்படிக் குடிப்பது? எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். முதல் நாள் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், அவளும் பார்த்தாள். இரண்டாம் நாள் உங்களைப் பற்றிப் பேசினோம், நேரம் போனதே தெரியவில்லை. நேற்று பேச்சு முற்றிச் சண்டையாகி, காபியை மறந்துவிட்டு நான் கடையைத் திறக்கப் போய்விட்டேன். அவளே ஃபிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தாள். நடந்து வந்தாள் அண்ணி, இவ்வளவு தூரம். ஸ்வெட்டர் இல்லாமல்.

தம்பி


ஜூலை 12

தம்பிக்கும் சின்னவளுக்கும் சேர்த்து எழுதுவது. இனி ஒளித்து எழுத ஒன்றுமில்லை.

கால்சட்டை எல்லாம் கொடுத்தாயிற்று. கடைக்காரர் மீசையை எடுத்தேவிட்டார். பீரோ அவள் தள்ளிய இடத்திலேயே இருக்கிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது பார்த்தால் வெளிச்சம் நன்றாகத்தான் விழுகிறது, ஊசி கோக்க வசதி.

என்னைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினீர்களாமே. என்ன பேசினீர்கள் என்று நேரில் வந்து சொல்லிவிட்டுப் போங்கள். வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது.

தலைவலி என்று ஓட வேண்டாம். காபித்தூள் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் இதுதான் முதல் தடவை. ஆனால் சின்னவள் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆன பிறகுதான் மூடியைத் திறப்பேன். அதுவரைக்கும் மாப்பிள்ளைக்கும் வெந்நீர்தான்.

அண்ணி